மோட்டார்ஹோமின் பின்னால் கார்: புதிதாக இழுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மொன்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்காவை ஊடறுத்துச் செல்லும் கோயிங்-டு-த-சன் சாலைக்குப் பெயர் போன அழகு உண்டு. ஆனால் அதன் மலைப்பகுதியில், அவலாஞ்ச் முகாமுக்கும் ரைசிங் சன்னுக்கும் இடையே, 21 அடியைத் தாண்டிய நீளமோ 8 அடியைத் தாண்டிய அகலமோ உள்ள எந்த வண்டிக்கும் அனுமதி இல்லை. 32 அடி மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையலறையோடு கூடிய, தானே ஓடும் வீட்டு வண்டியில்) போய்ச் சேர்ந்தவர் அதை முகாமில் நிறுத்திவிட்டுப் பூங்காவின் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான், பின்னால் ஒரு கார் கட்டிக்கொண்டு வராதிருந்தால். தெற்கு டகோட்டாவின் கஸ்டர் மாநிலப் பூங்காவில் பாறையைக் குடைந்த நீடில்ஸ் ஐ சுரங்கத்தின் அகலமே சுமார் 8 அடிதான். இவ்வளவு ஏன், முகாமிலிருந்து பால் வாங்கப் போவதற்குக்கூட ஒவ்வொரு முறையும் மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் எல்லாவற்றையும் கழற்றி, வீட்டையே ஓட்டிக்கொண்டு போவது இரண்டாம் நாளே சலித்துவிடும்.

ஆகவே அமெரிக்காவில் பெரிய மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களில் பலர் பின்னால் ஒரு காரை இழுத்துச் செல்கிறார்கள். அதற்கு மூன்று வழிகள் உண்டு. நான்கு சக்கரமும் தரையில் உருள இழுப்பது. முன் இரண்டு சக்கரங்களை டாலி என்ற சிறு வண்டியில் ஏற்றி, பின் இரண்டு சக்கரங்கள் உருள இழுப்பது. காரை முழுவதுமாக டிரெய்லரில் ஏற்றிவிடுவது. மூன்றில் எது நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: அதை உங்கள் காரின் கையேடு ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. எடைக் கணக்கு அந்த முடிவை ஒப்புக்கொள்ளும், அல்லது மறுக்கும். நம் விருப்பத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

முதல் வேலை: கையேட்டைப் பிரிப்பது

காரின் கையேட்டில் 'ரெக்ரியேஷனல் டோயிங்' அல்லது 'டிங்கி டோயிங்' என்ற தலைப்பைத் தேடுங்கள். பழுதாகி நின்ற வண்டியை இழுப்பதைப் பற்றிய பகுதி வேறு; அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நான்கு சக்கரமும் தரையில் இருக்க இழுக்கலாம் என்று அந்தப் பக்கம் தெளிவாகச் சொன்னால் மட்டுமே இழுக்கலாம். விற்பனையாளர் "தாராளமாக இழுக்கலாம்" என்று சொன்னால் புன்னகைத்துவிட்டு, அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

நியூட்ரலில் போட்டால் சக்கரம் சும்மா சுற்றத்தானே போகிறது, அதில் என்ன கெட்டுவிடும் என்று தோன்றும். தானியங்கி கியர்பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுழற்றும் பம்ப், பெரும்பாலான கார்களில், எஞ்சின் ஓடினால்தான் ஓடும். எஞ்சின் நின்றிருக்கும்போது சக்கரங்கள் மட்டும் சுழன்றால், அவற்றோடு சேர்ந்து சுழலும் உள்பாகங்கள் எண்ணெய் இல்லாமல் உராய்கின்றன. வெளியே சத்தமும் கேட்காது, வாடையும் வராது. இருநூறு மைல் தள்ளி இறங்கிப் பார்க்கும்போது கியர்பாக்ஸ் போயிருக்கும்.

ஜீப் ராங்லர் இந்த வேலைக்குப் பேர்பெற்றதற்குக் காரணமும் இதுதான். அதில் கியர்பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் நடுவே, விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இருக்கிறது. அதற்கென்று தனியாக ஒரு நியூட்ரல் நிலை உண்டு. அதில் போட்டுவிட்டால் சக்கரம் என்ன வேகத்தில் சுழன்றாலும் கியர்பாக்ஸ் அசையாது. நியூட்ரல் நிலை கொண்ட டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ள வேறு சில ஜீப்களும், நான்கு சக்கர இயக்கமுள்ள பிக்கப்களும் இப்படியே இழுக்கத்தக்கவை. அந்த நியூட்ரல் இல்லாத வகைகளும் அதே பெயரில் விற்கப்படுகின்றன என்பதால், கையேட்டை மாடலுக்கும் ஆண்டுக்கும் ஏற்றதாகப் பாருங்கள்.

ஹோண்டா சி.ஆர்.வி. காரை 2014 மாடல் வரை இழுக்கலாம், 2015இல் சி.வி.டி. என்ற, படிப்படியான கியர்கள் இல்லாத தானியங்கி கியர்பாக்ஸ் வந்ததும் அந்த அனுமதி போயிற்று. பழைய சி.ஆர்.வி.யைத் தேடித்தேடி வாங்குகிறவர்கள் இன்னும் இருப்பது அதனால்தான். கையால் கியர் மாற்றும் கார்களில் பலவற்றை இழுக்கலாம், எல்லாவற்றையும் அல்ல. டொயோட்டாவின் தானியங்கி கார்களில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு சக்கரமும் தரையில் இருக்க இழுக்க அனுமதி இல்லை. டெஸ்லாவை அப்படியும் இழுக்கக்கூடாது, டாலியிலும் இழுக்கக்கூடாது. டிரெய்லர் ஒன்றே வழி. நம்மவர் வீட்டு வாசல்களில் நிற்கும் கார்களை நினைத்தால், முன் சக்கர இயக்கமுள்ள கேம்ரியும் கொரோல்லாவும் டாலிக்கு, டெஸ்லா டிரெய்லருக்கு என்று எழுதி ஒட்டிவிடலாம்.

எடைக் கணக்கு

மோட்டார்ஹோமின் ஓட்டுநர் இருக்கைப் பக்கத்தில், கதவு நிலையிலோ சுவரிலோ ஒரு தகடு இருக்கும். அதில் இரண்டு எண்கள் முக்கியம். ஜி.வி.டபிள்யு.ஆர். என்பது ஆட்களும் சாமான்களும் உட்பட மோட்டார்ஹோம் மட்டும் தாண்டக்கூடாத எடை. ஜி.சி.டபிள்யு.ஆர். என்பது மோட்டார்ஹோமும் அது இழுப்பதும் சேர்ந்து தாண்டக்கூடாத எடை. மூன்றாவது எண், பின்னால் உள்ள ஹிட்ச்சில், அதாவது இழுவை இணைப்பில், பொறித்திருக்கும் இழுவை வரம்பு. இவற்றில் எது குறைந்த அளவை அனுமதிக்கிறதோ அதுதான் உங்கள் வரம்பு.

ஃபோர்டு ஈ-450 அடிச்சட்டத்தில் கட்டிய, வேன் முகப்புள்ள சி வகை மோட்டார்ஹோமை எடுத்துக்கொள்வோம். ஜி.வி.டபிள்யு.ஆர். 14,500 பவுண்ட், ஜி.சி.டபிள்யு.ஆர். 22,000 பவுண்ட். வித்தியாசம் 7,500. உடனே 7,500 பவுண்ட் இழுக்கலாம் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். இந்த வண்டிகள் பலவற்றின் ஹிட்ச்சில் 5,000 என்றுதான் பொறித்திருக்கும். ஃபோர்டு எஃப்-53 அடிச்சட்டத்தில் வரும், பேருந்து வடிவப் பெட்ரோல் ஏ வகை வண்டிகளில் கதை தலைகீழ். 22,000 / 26,000 என்று தகட்டில் இருந்தால் மிஞ்சுவது 4,000 பவுண்ட். ஹிட்ச்சோ 5,000 என்று ஆசை காட்டும். நான்கு கதவு ராங்லரின் எடை 4,000 பவுண்டைத் தாண்டும். தண்ணீர்த் தொட்டி நிறைய, அலமாரி நிறைய, ஆறு பேரோடு கிளம்பினால் அந்த ஜீப் கணக்கில் இடிக்கும்.

தகடு சொல்வது உச்ச வரம்பு. உங்கள் வண்டியின் இன்றைய எடை வேறு. லாரிகள் நிற்கும் பெரிய பெட்ரோல் நிலையங்களில் 'கேட்' (CAT) என்ற பெயர் பொறித்த எடைமேடை இருக்கும். பயணத்துக்கு ஏற்றுவதுபோல் எல்லாவற்றையும் ஏற்றி, ஆட்களையும் உட்கார வைத்து, ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். சில டாலர்தான் செலவு.

மூன்று வழிகளும் எதற்கு ஏற்றவை

டிரெய்லரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் காரையும் ஏற்றலாம், காரின் சக்கரமும் கியர்பாக்ஸும் தேயாது, பின்னோக்கியும் ஓட்டலாம். எடைதான் வில்லன். யு-ஹால் வாடகைக்குத் தரும் கார் டிரெய்லரின் வெற்று எடையே 2,210 பவுண்ட். அதன்மேல் 3,500 பவுண்ட் காரை ஏற்றினால் 5,710. 5,000 பவுண்ட் ஹிட்ச் அதோடு விலகிக்கொள்ளும். டீசல் எஞ்சின் பின்னால் உள்ள பெரிய வண்டிகளுக்கு இது பொருட்டல்ல. மற்றவர்கள் வாங்குமுன் பேனா எடுத்துக் கணக்குப் போட வேண்டும். முகாமில் காலி டிரெய்லரை எங்கே நிறுத்துவது என்பதும் ஒரு தலைவலி. முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

டாலி, முன் சக்கர இயக்கமுள்ள காருக்குத்தான். இயங்கும் சக்கரங்கள் மேலே ஏறிவிடுவதால் கியர்பாக்ஸுக்கு வேலையில்லை. பின் சக்கரங்கள் சும்மா உருளும். நான்கு சக்கர இயக்கமுள்ள காரை டாலியில் ஏற்றக்கூடாது. காரை ஏற்றியதும் முன் டயர்களின் மேல் பட்டைகளைப் போட்டு இறுக்க வேண்டும். சில மைல்களில் பட்டை தளர்வது வழக்கம். முதல் நிறுத்தத்திலேயே இறங்கி மறுபடி இறுக்குங்கள். பின் சக்கரங்களில்தான் பார்க்கிங் பிரேக் இருக்கும் என்பதால் அது விடுபட்டிருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். மின்னணுப் பார்க்கிங் பிரேக் உள்ள சில கார்களில், எஞ்சினை நிறுத்தியதும் அது தானாகவே பிடித்துக்கொள்ளும். அதை விடுவித்து வைக்கும் முறை கையேட்டில் உண்டு. டாலி வாங்கினால் பிரேக் பொருத்திய டாலியாகவே வாங்குங்கள். மழை பெய்யும் முகாமில் மண்டியிட்டு, சேற்றுக் கையோடு டயர்ப் பட்டைகளை அவிழ்க்கும்போது டாலிமீது கோபம் வரும். ஆனாலும் ஏற்கெனவே இருக்கும் காரை மாற்றாமல், குறைந்த செலவில் தொடங்க இதைவிட எளிய வழி இல்லை.

வருடத்துக்குப் பல பயணம் போகிறவர்களுக்கு நான்கு சக்கரமும் தரையில் உருளும் முறையே உகந்தது. பழகியவர்கள் சில நிமிடங்களில் காரை மாட்டிக் கழற்றிவிடுவார்கள், முகாமில் கூடுதலாக எதையும் நிறுத்த வேண்டியதில்லை. தொடக்கச் செலவுதான் கொஞ்சம் கடிக்கும்: கருவிகளும் பொருத்துக்கூலியும் சேர்ந்து சுமார் 3,000 முதல் 5,000 டாலர். இனி சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த முறைக்கானது.

என்னென்ன வாங்க வேண்டும்

டோ பார் என்பது மோட்டார்ஹோமின் ஹிட்ச்சில் செருகும், நீண்டு சுருங்கும் இரண்டு கைகள் கொண்ட தண்டு. புளூ ஆக்ஸ், ரோட்மாஸ்டர், டெம்கோ மூன்றும் இதில் நன்கு தெரிந்த பெயர்கள். காரின் எடையைவிட அதிக வரம்புள்ள தண்டாக எடுங்கள். இறுகிய நிலையிலும் பூட்டு எளிதில் விடுபடும் வகைக்குக் கொஞ்சம் கூடுதல் விலை. அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

காரின் முன்பக்கத்தில் பேஸ் பிளேட் பொருத்த வேண்டும். முன் பம்பரைக் கழற்றி, காரின் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கும் வேலை இது. ஒவ்வொரு மாடலுக்கும் தனி வடிவம். முன்புறத்தில் ரேடார் உணரி உள்ள புதிய கார் என்றால், உணரியை மறைக்காத வடிவம் கிடைக்கிறதா என்று முன்பே கேளுங்கள். இதை அனுபவமுள்ள பட்டறையில் கொடுத்துவிடுவதே மேல்.

தண்டு ஏறக்குறைய மட்டமாக இருக்க வேண்டும். ஹிட்ச்சின் உயரத்துக்கும் பேஸ் பிளேட்டின் உயரத்துக்கும் வித்தியாசம் 3 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பெரிய வண்டிகளில் ஹிட்ச் உயரமாக இருக்கும். அப்போது கீழிறக்கும் இணைப்பு ஒன்று தேவை. சரிவாக நிற்கும் தண்டு, பலமாகப் பிரேக் போடும்போது காரை மோட்டார்ஹோமின் மேலேயோ அடியிலேயோ தள்ளப் பார்க்கும்.

இவற்றோடு இரண்டு பாதுகாப்புக் கம்பிகள், விளக்குகளுக்கான மின்கம்பி. காரின் சொந்த விளக்குகளையே எரிய வைப்பதாக இருந்தால் இடையில் டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சிறு பாகம்) போட வேண்டும். இல்லையேல் மோட்டார்ஹோமின் மின்சாரம் காரின் மின்னணுக்களுக்குள் புகுந்துவிடும். விளக்குக் கூட்டுக்குள் தனி பல்பு பொருத்துவது இன்னொரு வழி. காந்தத்தில் ஒட்டும் விளக்கு அவசரத்துக்கு மட்டும்.

கொலராடோவில் ஐசனோவர் சுரங்கத்தின் மேற்கு வாய் கடல்மட்டத்திலிருந்து 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சில்வர்தார்ன் ஊருக்கு இறங்கும் சாலை 7 சதவீதச் சரிவு. பிரேக் பிடிக்காமல் போகும் லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே ஓரத்தில் சரளைமேடுகள் வைத்திருக்கிறார்கள். 4,000 பவுண்ட் கார் ஒன்று தனக்கென்று பிரேக் இல்லாமல் முதுகில் தள்ளிக்கொண்டு வர, அந்தச் சரிவில் இறங்க யாருக்கும் மனம் வராது. காருக்குத் தனி பிரேக் கட்டாயமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. பல இடங்களில் 3,000 பவுண்டைத் தாண்டினால் வேண்டும் என்கிறார்கள். சட்டம் எப்படி இருந்தாலும் பொருத்திவிடுங்கள் என்பதே என் வாதம்.

பிரேக்கில் இரண்டு வகை. ஒன்று பெட்டி: ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் தரையில் வைத்து, அதன் கையைப் பிரேக் மிதியில் மாட்டிவிட்டால், மோட்டார்ஹோம் வேகம் குறைக்கும்போது பெட்டி மிதியை அழுத்தும். ஒவ்வொரு முறையும் வைத்து எடுக்க வேண்டும், ஆனால் காரை மாற்றினால் கூடவே எடுத்துப் போகலாம். மற்றது காருக்குள் நிரந்தரமாகப் பொருத்துவது. மின்கம்பியை மாட்டினாலே தயாராகிவிடும். காற்று பிரேக் உள்ள டீசல் வண்டிகளுக்கு அந்தக் காற்றிலேயே இயங்கும் வகையும் இருக்கிறது. எதை வாங்கினாலும் பிரேக்அவே சுவிட்ச் வேண்டும். மோட்டார்ஹோமிலிருந்து வரும் ஒரு மெல்லிய கம்பி காரின் முன்னால் உள்ள ஊசியில் மாட்டியிருக்கும். கார் கழன்று ஓடினால் ஊசி பிடுங்கிக்கொண்டு வர, காரின் பிரேக் தானாக விழும்.

மாட்டும் வரிசை

நேரான, மட்டமான இடமாகப் பாருங்கள். முகாமின் வளைந்த பாதையில் மாட்டத் தொடங்க வேண்டாம்; மோட்டார்ஹோமையும் காரையும் தனித்தனியாக வெளியே கொண்டுபோய் மாட்டலாம்.

1. காரை மோட்டார்ஹோமுக்கு நேர் பின்னால், தண்டு எட்டும் தூரத்தில் நிறுத்துங்கள். பார்க்கிங் பிரேக் போடுங்கள்.

2. தண்டின் இரு கைகளையும் பேஸ் பிளேட்டில் மாட்டி, ஊசிகளைச் செருகி, அவற்றின் கிளிப்புகளைப் போடுங்கள். கிளிப் போடாத ஊசி கழன்று விழும்.

3. பாதுகாப்புக் கம்பிகளைத் தண்டுக்கு அடியில் ஒன்றையொன்று குறுக்கே கடக்குமாறு மாட்டுங்கள். தண்டு கழன்றால் சாலையில் குத்தாமல் அவற்றின் மேல் விழும். பிறகு மின்கம்பி, கடைசியாகப் பிரேக்அவே கம்பி. திருப்பத்தில் எதுவும் இழுபடாத அளவு தளர்வு இருக்கட்டும். தரையில் உரசும் அளவுக்கு வேண்டாம்.

4. காரை இழுவை நிலைக்குக் கொண்டுவாருங்கள். ராங்லரில் பிரேக்கை மிதித்தபடி கியரை நியூட்ரலில் வைத்து, டிரான்ஸ்ஃபர் கேஸை அதன் நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். பிறகு பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, எஞ்சின் ஓடும்போதே ரிவர்ஸ் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துச் சில விநாடி பாருங்கள். டிரைவ் போட்டும் பாருங்கள். கார் இம்மியும் அசையக்கூடாது. அசைந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் சரியாக விழவில்லை. அசையவில்லை என்றால் பார்க்கிங் பிரேக்கை மறுபடி போட்டு, எஞ்சினை நிறுத்தி, தானியங்கி கியரைப் பார்க்கில் வையுங்கள். ஆம், பார்க்கில்தான், கியர்பாக்ஸ் இப்போது சக்கரத்தோடு தொடர்பில் இல்லை. பழைய சி.ஆர்.வி.யின் சடங்கு வேறு: கியரை ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் டிரைவிலிருந்து நியூட்ரலுக்கு வந்து, எஞ்சினை 3 நிமிடம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும், 65 மைல் வேகத்தைத் தாண்டக்கூடாது. இரண்டிலும் வரிசையை மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை.

5. ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். காரின் பேட்டரி இறங்காமல் இருக்க, கழற்ற வேண்டிய ஃபியூஸ் எதுவென்றும் கையேடு சொல்லும். 2014இல் வந்த ஜீப் செரோகி போன்ற சில கார்களில், மின்சார ஸ்டீயரிங்குக்கு இழுவையின்போதும் மின்சாரம் போக வேண்டும். இல்லாவிட்டால் முன் சக்கரங்கள் கடகடவென்று ஆடும். அதற்கென்று தனிக் கம்பித்தொகுதி உண்டு.

6. பெட்டிப் பிரேக் என்றால், அதன் கையை மாட்டுமுன் பிரேக் மிதியைப் பலமுறை அழுத்தி, பூஸ்டரில் (மிதிக்குத் துணைபுரியும் பாகத்தில்) எஞ்சியுள்ள வெற்றிட அழுத்தத்தைத் தீர்த்துவிடுங்கள்.

7. பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். இதை மறந்து பின் டயர்களைக் கருக்கியவர்களின் கதை எந்த முகாமிலும் கிடைக்கும்.

8. ஒருவர் மோட்டார்ஹோமை நடை வேகத்தில் நகர்த்தட்டும். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். ஸ்டீயரிங்கை இலேசாக இடமும் வலமும் திருப்பினால் தண்டின் கைகள் நீண்டு, முதலில் ஒன்று, பிறகு மற்றது, 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். இரண்டு சத்தமும் கேட்க வேண்டும். காரின் நான்கு சக்கரங்களும் உருள்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகு இடது, வலது, பிரேக், பின்விளக்கு.

இந்த எட்டுக்கும் நடுவில் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். முகாம் மனிதர்கள் நல்லவர்கள். எந்த ஊர், என்ன வண்டி, எத்தனை மைல் கொடுக்கிறது என்று கேட்டுக்கொண்டே நிற்பார்கள். பேசிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து சரிபாருங்கள். ஊசி கழன்றதற்கும் பிரேக் விடுபடாததற்கும் பின்னால் பெரும்பாலும் இப்படி ஓர் இனிய உரையாடல் இருக்கும்.

சாலையில்

பின்னோக்கி ஓட்டக்கூடாது. நான்கு சக்கர முறைக்கும் டாலிக்கும் இது பொது. பின்னால் தள்ளும்போது காரின் முன் சக்கரங்கள் தாமாக ஒரு பக்கம் முழுதாகத் திரும்பிக்கொள்ளும். அதன்பின் தள்ளினால் வளைவது டோ பார், அல்லது பேஸ் பிளேட். ஆகவே பெட்ரோல் போடப் போகும்போது உள்ளே நுழைவதற்கு முன்பே வெளியேறும் வழி தெரிந்திருக்க வேண்டும். 35 அடி வண்டி, தண்டு, கார் எல்லாம் சேர்ந்து 50 அடியைத் தாண்டும். மாட்டிக்கொண்டால், பின்னால் ஹாரன் அடிப்பவரைப் பொருட்படுத்தாமல் இறங்கிக் காரைக் கழற்றுங்கள்.

கார் பின்னால் வருவதே தெரியாது என்பார்கள். அதுதான் ஆபத்து. காரின் டயர் காற்று இறங்கினால் ஓட்டுநருக்கு எந்த அதிர்வும் வராது. டயர் கிழிந்து, சக்கர வட்டு சாலையில் தீப்பொறி பறக்க உரசும்வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். டயர் அழுத்தத்தைக் காட்டும் உணரிகளைக் காரின் நான்கு சக்கரங்களிலும் மாட்டுங்கள். பின்புறக் கேமராவை எப்போதும் ஓடவிடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிச் சுற்றி வந்து ஊசி, கிளிப், கம்பி பாருங்கள், சக்கர மையத்தருகே கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே பிரேக் உரசுகிறது.

கலிபோர்னியாவில் வேறொரு வண்டியை இழுக்கும் வண்டிக்கு உச்ச வேகம் 55 மைல். காலியான நெடுஞ்சாலையில் 70 என்று பலகை இருந்தாலும் அது உங்களுக்கு அல்ல. இறக்கத்தில் முன்கூட்டியே டோ-ஹால் (சுமை இழுப்பதற்கான கியர்) நிலையைப் போட்டு எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கட்டும். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்.

கழற்றும்போது

மறுபடியும் நேரான, மட்டமான இடம். வளைந்து நின்றால் தண்டின் ஒரு கை இறுகி, ஊசி வராது. சுத்தியலைத் தேடாமல் மோட்டார்ஹோமைச் சற்று முன்னால் நகர்த்தி நேராக்குங்கள்.

ஊசியைத் தொடுவதற்கு முன் காரின் பார்க்கிங் பிரேக்கைப் போடுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்கும்வரை, கியர் பார்க்கில் இருந்தாலும் கார் உருளும். கையில் ஊசியோடு நிற்பவர் மேல்தான் வரும். பிறகு மின்கம்பி, பிரேக்அவே கம்பி, பாதுகாப்புக் கம்பிகள், கடைசியில் ஊசிகள். பிரேக் பெட்டியை எடுங்கள், ஃபியூஸைத் திரும்பப் போடுங்கள், டிரான்ஸ்ஃபர் கேஸை ஓட்டும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். தண்டை மடக்கி உறை போட்டுவிடுங்கள். தூசி படிந்த கைகள்தான் மறுமுறை பூட்டிக்கொள்ள மறுக்கும்.